ஹாரன் அக்காவும் ஒட்டாத சென்சாரும்

"மெதுவாங்க! தோலும் சேர்ந்து வருது!"

"அசையாம இரு. ஓரத்தைப் பிடிச்சாச்சு."

"நீங்க பிடிச்சது ஓரத்தை இல்ல, என் உசிரை."

சமையலறை மேசையில் முழங்கையை ஊன்றிக்கொண்டு ஹாரன் அக்கா பல்லைக் கடித்தாள். அவள் மேல்கையின் பின்பக்கம் ஒட்டியிருந்த, சர்க்கரை அளக்கும் சென்சாரை, கோட்டுப் பொத்தான் அளவுக்கு இருந்த அந்த வெள்ளை வில்லையை, அவள் வீட்டுக்காரர் எண்ணெயில் நனைத்த பஞ்சால் நீவி நீவி எடுத்துக்கொண்டிருந்தார். கடைசியில் அது கையோடு வந்தது. வில்லை இருந்த இடத்தின் நடுவில் லேசான சிவப்பு. சுற்றிலும் வளையம் போட்ட மாதிரி கொப்புளம். அதில் பாதி உடைந்து நீர் கசிந்தது.

"போன தடவை வலது கை, இந்தத் தடவை இடது கை. ரெண்டும் போச்சு. அடுத்தது எங்கே ஒட்டப் போறீங்க, நெத்தியிலயா?"

"கத்தாதே. கத்தினா சர்க்கரை ஏறும்."

"ஏறினா எனக்கு எப்படித் தெரியும்? தெரிஞ்சுக்கிறதுக்கு இருந்ததைத்தான் பிச்சாச்சே!"

அவள் டவுன் பஸ் ஓட்டுகிறவள். டிப்போவில் அவளுக்கு ஹாரன் அக்கா என்று பெயர். ஆனால் அவள் ஹாரன் அடிக்கவே மாட்டாள். யாராவது குறுக்கே வந்தால் கண்ணாடியை இறக்கி வாயால் சொல்லிவிடுவாள். அதுவே போதுமானதாக இருந்தது.

பல வருஷமாக இன்சுலின் போட்டுக்கொள்கிறாள். முன்பெல்லாம் சர்க்கரை இறங்கினால் கை நடுங்கும், வியர்க்கும், வயிறு பிசையும். ஏதாவது இனிப்பை வாயில் போட்டுக்கொள்வாள். இப்போது உடம்பு அந்தச் சேதியைச் சொல்வதை நிறுத்திவிட்டது. இறங்குவது தெரியாமலே இறங்கும். அதனால்தான் டிப்போ மருத்துவ அதிகாரி கறாராகச் சொல்லியிருந்தார்: கையில் சென்சார் இருந்து, சர்க்கரை இறங்கினால் போனில் அலாரம் அடிக்கும் என்றால் மட்டும் அவள் ஓட்டலாம். இல்லையென்றால் டிக்கெட் கௌண்டர். கண்ணாடிக்குப் பின்னால், ஒரு துவாரத்தின் வழியாக, சில்லறை கேட்டுக்கொண்டு. அவளுக்கு அதை நினைத்தாலே கொப்புளத்தைவிட அதிகமாக எரிந்தது.

அதே அதிகாரி போன வாரம் அவள் வலது கையின் கட்டைப் பார்த்துவிட்டார். அடுத்த வெள்ளிக்கிழமை வந்து காட்டு, அதுவரை வண்டி வேண்டாம் என்று சாவியை வாங்கி வைத்துக்கொண்டார்.

"இப்போ வெள்ளிக்கிழமை எதைக் காட்டறது? இந்தக் கையையா, அந்தக் கையையா?"

மாடிப்படியில் செருப்புச் சத்தம் கேட்டது. நாத்தனார். மாடியில் முன்னறையைப் பியூட்டி பார்லர் ஆக்கி வைத்திருப்பவள். எதற்கும் ஒரு கிரீம் வைத்திருப்பாள்.

"அண்ணி, நான் குடுத்த கிரீம் போட்டீங்களா?"

"போட்டேன். அதனாலதான் இப்படி ஆச்சோ என்னவோ."

"என்னது! அதை நான் கல்யாணப் பொண்ணுங்களுக்கே போடறேன்."

"கல்யாணப் பொண்ணுக்கு மேல சென்சாரும் ஒட்டறியா?"

"புண்ணுக்குத்தானே குடுத்தேன்? புண்ணு வந்ததே அதுக்கு முன்னாடி. நான் என்ன புண்ணையா குடுத்தேன்?"

"அது எனக்கென்ன தெரியும்? உன் பார்லர்ல ஒருத்தி புருவம் எடுக்க வந்து புருவமே இல்லாம போனா."

"அண்ணி! அது அவளா கேட்டது!"

அக்காவின் வீட்டுக்காரரான ஸ்டிக்கர்காரர் டீ டம்ளருக்குள் பார்த்துக்கொண்டிருந்தார். ஊரில் பாதி வண்டிக் கதவுகளில் இருக்கிற எழுத்தும் படமும் அவர் ஒட்டியது. கடைக் கண்ணாடிகளும் அவருடையவை. டிப்போ பஸ்களின் நம்பர்களும் அவர் கைவேலைதான். வீட்டில் எது ஒட்ட வேண்டியிருந்தாலும் அவரைத்தான் கூப்பிடுவார்கள். முதுகுக்கு வலிப் பட்டை, ஜன்னலுக்குக் காகிதம், பள்ளிப் புத்தக அட்டை, எல்லாம். மேல்கையின் பின்பக்கம் அவளுக்கு எட்டாது என்பதால் சென்சாரும் அவர் பொறுப்பில் வந்திருந்தது.

"நீங்களாவது சொல்லுங்களேன்," என்றாள் அக்கா.

"கிரீமாவும் இருக்கலாம்," என்றார் அவர் டம்ளரைப் பார்த்தபடியே.

"அண்ணா! நீயுமா?"

நாத்தனார் வந்த வேகத்தில் திரும்பிப் போனாள். செருப்புச் சத்தம் இரண்டு மடங்காகக் கேட்டது. மேலே கதவு அறைந்தது.

"கோவிச்சுக்கிட்டா," என்றாள் அக்கா.

"சரியாயிடும்."

"எப்போ? என் கை மாதிரியா?"

மத்தியானம் கம்பெனியின் உதவி எண்ணுக்குப் போன் போட்டாள். இரண்டு கைகளிலும் கட்டு இருந்ததால் போனை மேசையில் வைத்து ஸ்பீக்கரைப் போட்டாள். பாட்டு ஓடியது. உங்கள் அழைப்பு முக்கியம் என்று ஒரு குரல் சொன்னது. மறுபடி பாட்டு.

"முக்கியம்னா எடுக்க வேண்டியதுதானே," என்றாள் அக்கா பாட்டைப் பார்த்து.

எடுத்தவள் சின்னப் பெண்ணாக இருக்க வேண்டும். குரலில் தேன்.

"உங்களுக்கு ஏற்பட்ட சிரமத்துக்கு ரொம்ப வருந்தறோம் மேடம்."

"நீ வருந்தாதேம்மா. வழி சொல்லு."

"சில கேள்வி கேக்கலாமா மேடம்? ஒட்டறதுக்கு முன்னாடி ஸ்பிரிட் போட்டுத் துடைச்சீங்களா?"

"துடைச்சோம்."

"ஸ்பிரிட் முழுசா காயற வரைக்கும் விட்டீங்களா?"

"போன தடவை கூப்பிட்டப்பவும் நீங்க இதையே கேட்டீங்க. அதனால இந்தத் தடவை, பஸ்ல கம்பியைப் பிடிச்சு நிக்கிறவ மாதிரி கையைத் தூக்கிட்டே நின்னேன். ஊதல, விசிறல, அதுவா காஞ்சுது."

"ரொம்ப நல்லது மேடம். ஒரே இடத்துல திரும்பத் திரும்ப ஒட்டினீங்களா?"

"எனக்கு ரெண்டு கைதாம்மா. மூணாவது இருந்தா அதுலயும் ஒட்டியிருப்பேன்."

"வாசனை சோப்பு, பவுடர்?"

"இல்ல."

"சரி மேடம், கடைசிக் கேள்வி. ஒட்டறதுக்கு முன்னாடி அந்த இடத்துல லோஷன், எண்ணெய், வேற ஏதாவது பொருள் தடவினீங்களா?"

"ஒண்ணும் தடவல," என்றாள் அக்கா.

"ரொம்பக் கொஞ்சம்தான்," என்றார் ஸ்டிக்கர்காரர்.

இரண்டு பேரும் ஒரே நேரத்தில் சொன்னார்கள். ஸ்பீக்கரிலிருந்து ஒரு மூச்சுச் சத்தம் மட்டும் வந்தது.

"சார்? என்ன கொஞ்சம்தான் சார்?"

"ஒண்ணுமில்லம்மா, நீ அடுத்ததைக் கேளு."

"அதுதான் கடைசிக் கேள்வி சார்."

அக்கா மெதுவாகத் திரும்பினாள். "என்னங்க. எது கொஞ்சம்தான்?"

"ஓரத்துக்கு மட்டும்."

"ஓரத்துக்கு மட்டும் என்ன?"

"லேசா. ஒரே ஒரு இழுப்பு. பிரைமர்."

"மேடம், பிரைமர்னா என்ன மேடம்?" என்று கேட்டது போன்.

"நான் சொல்றேம்மா. எங்க வீட்டுக்காரர் வண்டிக் கதவுல ஸ்டிக்கர் ஒட்டறவரு. வெயில்லயும் மழையிலயும் ஸ்டிக்கரோட ஓரம் தூக்கிக்கக் கூடாதுன்னு விளிம்புல ஒரு தண்ணி தடவுவாரு. அதைத் தடவிட்டா அப்புறம் கதவே பேந்து வந்தாலும் ஸ்டிக்கர் வராது. அது பேரு பிரைமர்." அவள் குரல் படிப்படியாக ஏறியது. "அதைத்தான் என் கையில தடவியிருக்காரு!"

"நீ ஸ்பிரிட்டு காயட்டும்னு அந்தப் பக்கம் பார்த்துட்டு நின்னியா, அப்போ..."

"அதுதான் வாசம் ஒரு மாதிரி இருந்துச்சா! ஸ்பிரிட் பாட்டில் மாறிடுச்சுன்னு நினைச்சேன்! நான் என்ன வண்டிக் கதவா?"

"கதவுக்கு முழுசா தடவ மாட்டோம். வளைவு இருக்கிற இடத்துல மட்டும்தான். உன் கையும் அங்கே வளைவா..."

"அந்த டப்பாவைத் திறக்கும்போது நீங்க கையுறை போடுவீங்களே!"

"அது தொழில் பழக்கம்."

"உங்க விரலுக்குக் கையுறை. என் தோலுக்கு ஒண்ணும் இல்ல."

ஸ்டிக்கர்காரருக்கும் இப்போது குரல் வந்துவிட்டது. "நான் என்ன உன்னைக் கெடுக்கணும்னா செஞ்சேன்? முதல் சென்சார் வேர்வையில கழண்டு விழுந்த அன்னைக்கு என்ன ஆச்சு? நடு ரோட்டுல பஸ்ஸை ஓரம் கட்டிட்டு வேற டிரைவரைக் கூப்பிட்டு விட்டுட்டு வந்தே. வந்து என்ன சொன்னே? ஊர்ல இருக்கிற இரும்பு மேல எல்லாம் ஒட்டத் தெரியுது, பொண்டாட்டி கையில ஒட்டத் தெரியலன்னு சொன்னியா இல்லையா?"

"சொன்னேன்."

"அப்புறம் ஒரு தடவையாவது கழண்டுச்சா?"

"கழலல. தோலோட வந்துச்சு!"

"மேடம்," என்றது போன் பயந்த குரலில், "இதை எந்தத் தலைப்புல பதிவு பண்றதுன்னு எனக்குத் தெரியல மேடம். உடனே தோல் டாக்டரைப் பாருங்க. அந்த டப்பாவையும் எடுத்துட்டுப் போங்க. வேற ஏதாவது உதவி வேணுமா?"

"வேணாம்மா. நீ நல்லா இரு." போனை வைத்துவிட்டு அவள் வீட்டுக்காரரிடம் சொன்னாள்: "மேல போங்க."

"எதுக்கு?"

"உங்க தங்கச்சி மேல பழியைப் போட்டுட்டு டீ குடிச்சீங்களே, அதை இறக்கிட்டு வாங்க."

அவர் போனார். மேலே கதவு தட்டும் சத்தம் கேட்டது. பிறகு, "பிரைமரா?" என்று ஒரு கூச்சல். அதன் பிறகு நாத்தனார் சிரித்த சிரிப்பில் பார்லருக்கு வந்திருந்தவளும் சேர்ந்துகொண்டாள். அக்காவுக்குச் சிரிப்பு வரவில்லை. கை எரிந்தது.

தோல் டாக்டர் ஒல்லியான பெண்மணி. கொப்புளத்தைப் பார்த்தார், டப்பாவைப் பார்த்தார், ஸ்டிக்கர்காரரைப் பார்த்தார்.

"இதைத் தோல்ல தடவலாம்னு எங்கே படிச்சீங்க?"

"படிக்கல டாக்டர். அனுபவம்."

"யாரோட அனுபவம்? கார் கதவோடதா?"

"நானும் அதையேதான் கேட்டேன் டாக்டர்," என்றாள் அக்கா.

டாக்டர் அவள் முதுகில் சின்னச் சின்னப் பட்டைகளாகச் சில பொருள்களை ஒட்டி அனுப்பினார். சென்சார் பசை, வேறு ஒரு வகைச் சென்சாரின் பசை, தோலுக்கும் சென்சாருக்கும் நடுவில் ஒட்டுகிற மெல்லிய படலம் ஒன்று. குளிக்கக் கூடாது, சொறியக் கூடாது. இரண்டு நாள் அவள் சுவரில் சாயாமல் நாற்காலி நுனியில் உட்கார்ந்து வீட்டிலுள்ள எல்லோரையும் திட்டினாள். ஸ்டிக்கர்காரர் தண்ணீர் கொண்டுவந்தால் தண்ணீரைத் திட்டினாள். கொண்டுவராவிட்டால் அவரைத் திட்டினாள். நாத்தனார் மட்டும் தைரியமாக வந்து, முதுகைத் தொடாமல் தலையை வாரிவிட்டாள்.

"அண்ணி, பட்டை ஒவ்வொண்ணும் எவ்வளவு நேரா இருக்கு தெரியுமா? அண்ணன் பார்த்தா பொறாமைப்படுவான்."

"அவரை என் முதுகுப் பக்கம் வரவே விடாதே."

பட்டைகளை எடுத்து, மறுபடியும் ஒரு நாள் வரச் சொல்லிப் பார்த்துவிட்டு டாக்டர் சொன்னார்: "பழைய சென்சாரோட பசை உங்களுக்குக் கொஞ்சம் ஒத்துக்கல. நடுவுல இருந்த சிவப்பு அதோடது. கொப்புளம் உங்க வீட்டுக்காரரோடது."

"அப்போ இனிமே ஒட்டவே முடியாதா டாக்டர்? எனக்கு வேலை போயிடும்."

"இந்த வகை வேணாம். இன்னொரு வகையோட பசைக்குத் தோல் பெருசா கோவிச்சுக்கல. அதை வயித்துல ஒட்டலாம். கீழே இந்தப் படலத்தை ஒட்டி, அது மேல சென்சார். கைக்கு ஓய்வு குடுங்க. ஒவ்வொரு தடவையும் இடத்தை மாத்துங்க. கழட்டும்போது எண்ணெய் விட்டு நிதானமா கழட்டுங்க."

"அரிக்குமா?"

"அரிக்கலாம். அரிப்பு வேற, கொப்புளம் வேற. கொப்புளம் வந்தா உடனே எடுத்துட்டு என்கிட்ட வாங்க. ஒரு தடவை இப்படிப் புண்ணான தோலு, அப்புறம் சின்ன விஷயத்துக்கும் முறைச்சுக்கும்."

"என்னை மாதிரி," என்றாள் அக்கா.

"ஆமா," என்றார் ஸ்டிக்கர்காரர். பிறகு வாயை மூடிக்கொண்டார்.

புதன்கிழமை குளியலறையில் கதவைச் சாத்திக்கொண்டு அவளே படலத்தை ஒட்டினாள், அவளே சென்சாரை அழுத்தினாள். வெளியே நின்று, "ஓரத்தை விரலால நல்லா தேய்," என்று அவர் சொன்னதற்குப் பதிலாக உள்ளேயிருந்து ஒரு குவளை கதவில் வந்து மோதியது.

வெள்ளிக்கிழமை காலையில் கிளம்பும்போது அவர் செருப்பைப் போட்டபடியே மெல்ல ஆரம்பித்தார்.

"டிப்போவுல என்ன சொல்லப் போறே?"

"நடந்ததைச் சொல்லப் போறேன்."

"பிரைமர்னு சொல்லணுமா?"

"பின்னே?"

"இன்னைக்கு எனக்கும் அங்கே வேலை இருக்கு. புது வண்டிகளுக்கு நம்பர் ஒட்டணும். அங்கே எல்லாரும் என்னை மாஸ்டர்னு கூப்பிடறாங்க. இது தெரிஞ்சா..."

"தெரிஞ்சா?"

"மாஸ்டர்னு கூப்பிட மாட்டாங்க. வேற ஏதாவது பேரு வைப்பாங்க. உனக்குத் தெரியாதா அவங்களை? சோப்புன்னு சொல்லேன். இல்லேன்னா அந்தக் கிரீம்..."

"மறுபடியும் உங்க தங்கச்சியா!"

"சரி, சோப்பு."

"சோப்புன்னா அந்த ஆளு நம்புவாரா? சோப்புக்கு இப்படிக் கொப்புளம் வருமா? இது சென்சார்தான், அடுத்த தடவையும் வரும்னுதான் நினைப்பாரு. கௌண்டர்ல போய் உட்காருன்னு சொல்வாரு. உங்க பேரு கெடக் கூடாதுன்னு நான் ஜன்னலுக்குப் பின்னாடி உட்காரணுமா?"

டிப்போ வரைக்கும் இரண்டு பேரும் முன்னும் பின்னுமாக நடந்தார்கள். வாசலில் அவர் பையிலிருந்து ஸ்டிக்கர் சுருளை எடுத்துக்கொண்டு வண்டிகள் நிற்கிற பக்கம் போனார். அவள் மருத்துவ அறைக்குப் போனாள்.

அதிகாரி முதலில் போனில் அளவைப் பார்த்தார். பிறகு செவிலியை அழைத்து மறைப்புக்குப் பின்னால் வயிற்றைப் பார்க்கச் சொன்னார்.

"லேசா சிவப்பு இருக்கு சார். கொப்புளம் இல்ல."

"அரிக்குதா?" என்று கேட்டார் அதிகாரி.

"அரிக்குது."

"இல்லேன்னு சொல்லியிருக்கலாமே."

"நான் சொறியறதை நீங்களே பார்த்துட்டு அப்புறம் கேப்பீங்க. அதுக்கு இப்பவே சொல்லிடலாம்."

அவர் டாக்டர் கொடுத்த சீட்டைப் புரட்டினார். "வெளிப்பொருள் பட்டதால ஏற்பட்ட புண்ணுன்னு எழுதியிருக்காங்க. எந்த வெளிப்பொருள்?"

ஜன்னலுக்கு வெளியே ஸ்டிக்கர்காரர் ஒரு பஸ்ஸின் முன்பக்கத்தில் ஸ்டூல் போட்டு நின்றிருந்தார். பக்கத்தில் மெக்கானிக் ஒருவன் மரியாதையாக ஸ்டூலைப் பிடித்துக்கொண்டிருந்தான். "மாஸ்டர், கொஞ்சம் மேல," என்று அவன் சொல்வது உள்ளே கேட்டது.

"வீட்ல தவறுதலா பட்டது சார்."

"என்ன பட்டது? மறுபடியும் படுமா? இது தெரியாம உங்களுக்கு எப்படி பஸ்ஸைக் குடுக்கிறது? வண்டி நிறைய ஆளை வச்சுக்கிட்டு நடு வழியில அரிப்பு தாங்காம அதைப் பிச்சு எறிஞ்சீங்கன்னா? எனக்குப் புரியற மாதிரி சொல்லுங்க. இல்லேன்னா கௌண்டருக்கு எழுதிடறேன்."

அவர் பேனாவைத் திறந்தார்.

"பிரைமர் சார்," என்றாள் ஹாரன் அக்கா.

"என்ன?"

"ஸ்டிக்கர் பிரைமர். சென்சார் கழலக் கூடாதுன்னு என் வீட்டுக்காரர் எனக்குத் தெரியாம ஓரத்துல தடவிட்டாரு. பஸ்ஸுக்குத் தடவற அதே டப்பா."

அதிகாரி ஜன்னலைப் பார்த்தார். "அதோ, அந்த மாஸ்டரா?"

"அவரேதான்."

அதிகாரி கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். தோள்கள் மட்டும் குலுங்கின. செவிலி மறைப்புக்குப் பின்னால் போய்விட்டாள். அக்கா காத்திருந்தாள். அவளுக்கு எரிச்சல் எரிச்சலாக வந்தது.

"சிரிச்சு முடிச்சீங்களா சார்?"

"ஒரு நிமிஷம்." அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "இப்போ யார் ஒட்டறது?"

"நான்தான். அவர் சென்சார் பெட்டியைத் தொடவே கூடாதுன்னு சொல்லிட்டேன்."

"சரி. ஓட்டுங்க. ஆனா ஒவ்வொரு தடவை மாத்தும்போதும் இங்கே வந்து தோலைக் காட்டணும். கொப்புளம் வந்தா நீங்களா சாவியைக் குடுத்துடணும்."

"குடுக்கிறேன்."

"கோவிச்சுக்கக் கூடாது."

"கோவிச்சுக்குவேன். ஆனா குடுக்கிறேன்."

சாவியை வாங்கிக்கொண்டு அவள் படி இறங்குவதற்குள் அதிகாரி ஜன்னலைத் திறந்துவிட்டார்.

"மாஸ்டர்! பிரைமர் பஸ்ஸுக்கு மட்டும்!"

ஸ்டூலைப் பிடித்திருந்தவன் ஒன்றும் புரியாமல் மேலே பார்த்தான். ஸ்டிக்கர்காரர் அசையாமல் நின்றார். அதற்குள் செவிலி வெளியே வந்து பக்கத்தில் இருந்தவளிடம் சொல்ல, அவள் டைம்கீப்பரிடம் சொல்ல, கதை வண்டி வண்டியாகத் தாண்டிப் போனது. சிரிப்பு ஒவ்வொரு இடத்திலிருந்தும் திரும்பி வந்தது.

"மாஸ்டர், அக்காவை அப்படியே சீட்டுலயும் ஒட்டி விட்டுடுங்க!" என்று எங்கிருந்தோ ஒரு குரல்.

ஹாரன் அக்கா பஸ்ஸின் முன்னால் வந்து நின்றாள்.

"சொல்லிட்டியா?" என்றார் அவர் திரும்பாமல்.

"சொல்லிட்டேன்."

"எல்லாத்தையுமா?"

"கையுறையைத் தவிர எல்லாத்தையும். கேட்டிருந்தா அதையும் சொல்லியிருப்பேன்."

அவர் ஸ்டிக்கரின் பின்தாளை உரிக்க ஆரம்பித்தார். காது சிவந்திருந்தது. பாதி உரித்ததும் நிறுத்தினார்.

"வண்டி குடுத்தாங்களா?"

"குடுத்தாங்க."

அவர் இப்போதுதான் திரும்பி அவளைப் பார்த்தார்.

"எந்த வண்டி?"

"இதுதான்."

அவள் ஏறி உட்கார்ந்தாள். சீட்டைத் தன் உயரத்துக்கு முன்னால் தள்ளினாள், போனை எதிரே மாட்டினாள். பெல்ட்டுக்குக் கீழே, படலம் ஒட்டிய இடத்தில் அரித்தது. பெல்ட்டைக் கொஞ்சம் மேலே இழுத்து வைத்துக்கொண்டு கண்ணாடியை இறக்கினாள்.

"என்னங்க, இன்னும் எவ்வளவு நேரம்?"

"ஒரே நிமிஷம். ஓரம் மட்டும்..."

"ஓரம் கிடக்கட்டும். இறங்கி வழி விடுங்க, ஜனங்க காத்துட்டு நிக்கிறாங்க!"